புதுக் கழுதைக்கு வேலியைக் காட்டுவது எப்படி

கழுதை வாங்கப்போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் விலை என்ன, பால் எவ்வளவு கறக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த நிலத்தில் விடப்போகிறீர்கள், அங்கே என்ன வேலி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். மாட்டுக்குப் போட்ட வேலி அப்படியே கிடக்கிறது, அது போதும்தானே என்பார்கள். போதாது. மாடும் ஆடும் வேலியை உடம்பால் முட்டித் தெரிந்துகொள்ளும். கழுதை அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். பார்க்க நேரம் கொடுத்தால் ஆயுசுக்கும் அந்த எல்லையை மதிக்கும். நேரம் கொடுக்காமல் இறக்கி விரட்டிவிட்டால் முதல் நாளே கம்பியில் காலைக் கிழித்துக்கொள்ளும்.

நெல்லை மாவட்டத்தில் ராதாபுரத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில் எங்கள் நிலம். செவல் மண், பனை, கொஞ்சம் உடை மரம், ஒரு பழைய கிணறு. இந்தப் பக்கத்து நிலத்தையும் காற்றையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் குளம்புக்கடியில் அப்பிக்கொண்டு அழுகலில் கொண்டுபோய் விடும். கழுதை நிற்க ஒரு மேட்டில் கப்பியோ சரளோ கொட்டி வைத்துவிட்டுத்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

ஒற்றையாக வாங்காதீர்கள்

எனக்கு முதல் ஜோடியைக் கொடுத்த அண்ணாச்சி, வெளுப்பு வேலைக்குத் தலைமுறையாகக் கழுதை வைத்திருந்த வீட்டுக்காரர். நான் ஒன்றைத்தான் கேட்டுப் போனேன். "ஒத்தையா ஓட்டிட்டுப் போகாத தாயி. கூட்டிட்டுப் போனா ரெண்டையும் கூட்டிட்டுப் போ, இல்லைன்னா ரெண்டும் இங்கேயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதன் அருமை நாள்பட நாள்பட எனக்குப் புரிந்தது. கழுதைக்குக் கூட்டாளிதான் பாதி வேலி. கூட்டாளி இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தால் மற்றது வேலியைத் தாண்ட நினைக்காது. ஒற்றைக் கழுதை கத்தும், வேலி ஓரமாக அங்கும் இங்கும் நடந்து தடம் போடும், பிறகு தீனியை விட்டுவிடும்.

தீனியை விடுவது சின்ன விஷயம் இல்லை. வேறு உயிர்களைவிடக் கழுதைக்கு இதில் ஆபத்து அதிகம். பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இது இன்னும் வேகமாக வரும். புது இடத்துக்கு வந்த கழுதை ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

எப்போது கொண்டுவருவது

என்னைக் கேட்டால் தை, மாசி. மழை விட்டு மண் இறுகியிருக்கும், புல் முற்றிக் காய்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். கழுதையின் ரோமம் மாட்டு ரோமத்தைப் போலத் தண்ணீரை வழிய விடாது, உள்ளே இறங்கி நனைந்துவிடும். மழைக்குப் பின் முளைக்கும் இளம் பச்சையையும் வறண்ட தீனிக்குப் பழகிய கழுதை கண்டபடி மேய்ந்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் நிற்கும்.

ஆனி, ஆடியும் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பணகுடியிலும் ராதாபுரத்திலும் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காய்ந்த பனையோலை சடசடக்கிற அந்தச் சத்தத்தில் கழுதைக்கு வேறு எதுவும் காதில் விழாது. காதால் உலகத்தை அறிகிற உயிர் அது. புது இடத்தில் காதும் அடைத்துப்போனால் மிரண்டுதான் நிற்கும்.

கழுதை வருமுன் நிலத்தில் செய்ய வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் கிணறு. நம் ஊர்த் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் எத்தனை! ஓரத்தில் புல் வளர்ந்து வாயை மறைத்திருக்கும். ஊர்க்காரருக்குத் தெரியும், ஊருக்குப் புதிதாக வந்த கழுதைக்குத் தெரியாது. கிணற்றைச் சுற்றி நெஞ்சளவு சுவர் கட்டுங்கள். கையில் காசு இல்லையென்றால் கல்கால், அதாவது கல் தூண், ஊன்றி வலை கட்டுங்கள். இது முடியாமல் கழுதையை இறக்கக்கூடாது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்புறம் நிலத்தைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். உடைந்த பாட்டில், பாலிதீன் பை, கட்டுக்கம்பித் துண்டு, பழைய முள்கம்பிச் சுருள் எல்லாவற்றையும் சாக்கில் பொறுக்குங்கள். உடை மரத்தடியிலும் சீமைக்கருவேலத்தடியிலும் முள்ளைக் கூட்டி அள்ளுங்கள். முள் ஏறிய குளம்பில் சீழ் வைக்கும். அந்தப் புண் வழியாகத்தான் டெட்டனஸும் வரும். சீமைக்கருவேல நெற்றைக் கழுதை விரும்பித் தின்னும். கொஞ்சம் தின்றால் பரவாயில்லை, உதிர்ந்தது மொத்தத்தையும் தின்றால் வயிறு அடைத்துக்கொள்ளும். நெற்று உதிர்கிற காலத்தில் கூட்டிவிடுங்கள்.

அரளி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். பச்சை அரளியைக் கழுதை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வெட்டிப் போட்டுக் காய்ந்த அரளியில் கசப்பு குறைந்துவிடும், விஷம் குறையாது. வைக்கோலோடு கலந்து போனால் தெரியாமல் தின்றுவிடும், ஒரு பிடி இலை போதும் உயிரை எடுக்க. ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி இவையும் வேண்டாம். மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி நிலத்துக்குள் வந்தால் அதைச் சுற்றியும் தட்டி கட்டுங்கள். கழுதைக்கு முதுகு தேய்க்க ஒரு கம்பம் கிடைத்தால் விடாது, மழை நாளில் அந்தக் கம்பியில் மின்சாரம் கசியவும் கூடும்.

இனி வேலி. நாலு அடி உயரம் போதும். காயடிக்காத ஆண் கழுதை என்றால் ஐந்தடி. கழுதை குதிரையைப் போலத் தாண்டாது, இடுக்கு கிடைத்தால் தலையை விட்டுத் தள்ளும், குட்டி அடியில் நுழையும். அதனால் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில்தான் செலவு செய்ய வேண்டும். கல்கால் எட்டடிக்கு ஒன்று, ஒன்றரை முதல் இரண்டடி மண்ணுக்குள். கம்பி வலை வாங்கினால் இரண்டு அங்குலக் கண் உள்ளதாக வாங்குங்கள். கழுதைக் குளம்பு குறுகலானது, நாலு அங்குலக் கண்ணில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

முள்கம்பி வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கிறது, பிரிக்க வசதியில்லை என்றால் உட்பக்கமாக ஒரு முழம் தள்ளி மட்டை வேலி கட்டுங்கள். பனை மட்டைக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ஆனால் மட்டையின் ஓரத்துக் கருக்கைச் செதுக்கிவிட்டுக் கட்டுங்கள். கருக்கு ரம்பம் போல இருக்கும், கழுதை தேய்த்துக்கொள்ளும்போது தோலைச் சீவிவிடும். ஒரு பருவத்துக்கு மேல் மட்டை தாங்காது, கரையான் ஏறும். மாற்றிக் கட்டத்தான் வேண்டும்.

மூலைகளைக் கவனியுங்கள். கூர்மையான மூலையில் ஒரு கழுதை இன்னொன்றை மடக்கி உதைக்கும், உதை வாங்குகிறது வேலியைப் பிய்த்துக்கொண்டு போகும். மூலைக்குக் குறுக்கே தட்டி கட்டி வளைவாக்கிவிட்டால் அடிபட்டது சுற்றி ஓடிவிடும். வாசல் படலையும் மூலையில் வைக்காதீர்கள். தாழ்ப்பாள் எதுவானாலும் கூடவே ஒரு சங்கிலி வேண்டும். உதட்டால் தாழை நெம்பித் திறக்கிற கழுதைகள் உண்டு. இளம் வேம்பு, முருங்கை மரங்களின் அடியில் வலை சுற்றுங்கள், பட்டையை உரித்துத் தின்றுவிடும்.

இரண்டு கழுதைக்கு ஒரு ஏக்கர் இருந்தால் நல்லது. அதை இரண்டாகத் தடுத்து, வீட்டை ஒட்டி ஒரு சின்னப் பட்டியும் ஒதுக்குங்கள். கொட்டகைக்கு மேற்கும் வடக்கும் சுவர் இருக்கட்டும், கிழக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். மேல்காற்றும் அடிக்காது, உள்ளே நின்றபடியே வெளியைப் பார்க்கவும் முடியும். ஐப்பசி மழைக்குக் கிழக்கே ஒரு ஓலைத் தட்டி தொங்கவிட்டால் போதும்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். வெயிலில் கம்பி மண் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை உரச் சாக்கை நீளவாக்கில் கிழித்து, கழுதையின் மூக்கு உயரத்துக்கு, அதாவது மூன்றடி உயரத்தில், நாலு தப்படிக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டுங்கள். சாக்கைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் கட்ட வேண்டும், உரத் துகள் வாயில் போகக்கூடாது. சிவப்புத் துணி வேண்டாம், அந்த நிறம் அதன் கண்ணுக்கு எடுபடாது. எங்கள் செவல் மண்ணுக்கு வெள்ளைதான் பளிச்சென்று தெரிகிறது.

வருகிற நாள்

குட்டியானை வண்டியில் ஏற்றிவந்தால் அடியில் மணலும் வைக்கோலும் பரப்பச் சொல்லுங்கள். காலையிலேயே வந்து இறங்கட்டும். பொழுது சாயும் நேரத்தில் இறக்கினால் வேலியைப் பார்க்க வெளிச்சம் இருக்காது, தெருநாய் சத்தம் வேறு. பழைய இடத்தில் தின்ற தீனியில் ஒரு கட்டு கேட்டு வாங்கிவாருங்கள். முதல் வாரம் அதையே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனியைக் கலக்கலாம்.

இறங்கியதும் பட்டிக்குள் விடுங்கள், மேய்ச்சலுக்கு வேண்டாம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பாசி பிடித்த தொட்டியில் கழுதை வாய் வைக்காது, தாகத்தோடு நிற்கும். தினமும் தேய்த்துக் கழுவிய தொட்டி வேண்டும். அன்றைக்கு ஊர்ப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். இன்றைக்கு வேண்டாம்ப்பா, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கழுதையோ குதிரையோ இருந்தால் புதிதாக வந்தவை மூன்று வாரமாவது தனியே இருக்க வேண்டும். தனி வாளி, தனி தீனித்தொட்டி வேண்டும், மற்றவற்றுக்கான வேலையை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போக வேண்டும். மூக்கில் சளி, தாடைக்கடியில் வீக்கம், இருமல், தோலில் கட்டி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் கழுதையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டம். ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து இவற்றைப் பற்றி உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நெல்லையைச் சுற்றி உள்ளவர்கள் அங்கேயும் போகலாம்.

வேலியைச் சுற்றி நடப்பது

பட்டியில் அது நன்றாகத் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரள ஆரம்பித்துவிட்டால் அடுத்த வேலைக்கு வரலாம். புரளுவது நல்ல அடையாளம். பயந்த கழுதை புரளாது.

காலையில் வெயில் ஏறுமுன் தலைக்கயிறு போட்டு முதல் பாதி நிலத்துக்குள் கூட்டிப்போங்கள். இரண்டு பேர் வேண்டும், ஜோடி ஒன்றாகப் போக வேண்டும். எங்கள் வீட்டில் நானும் என் மதினியும் போவோம். நீங்கள் தோளுக்கு அருகில் நில்லுங்கள், முன்னால் போய் இழுக்காதீர்கள். வேலியை ஒட்டி ஒரு சுற்று மெதுவாக நடங்கள். பிறகு திரும்பி எதிர்த்திசையில் ஒரு சுற்று. கழுதைக்குக் கண் இரண்டு பக்கவாட்டில் இருக்கிறது. வலக்கண்ணால் பார்த்துப் பழகிய கல்காலை இடக்கண்ணால் பார்க்கும்போது புதிதாய் மிரளவும் கூடும். இரண்டு கண்ணுக்கும் காட்டியாக வேண்டும்.

நடுவில் நின்றுவிடும். கட்டாயம் நிற்கும். சாக்குக் கிழிசல் காற்றில் ஆடுகிற இடம், படல், கிணற்றுச் சுவர், பக்கத்து நிலத்துக் காற்றாலையின் நிழல் ஓடுகிற இடம், இங்கெல்லாம் நின்று காதை முன்னே நீட்டிப் பார்க்கும். இதைத்தான் ஊரே கழுதையின் பிடிவாதம் என்கிறது. இந்த ஒரு சொல்லால் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன! கழுதையின் முன்னோர் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கல் காட்டில் வாழ்ந்தவை. அந்த நிலத்தில் கண்மண் தெரியாமல் ஓடினால் கால் முறியும். நின்று, பார்த்து, முடிவு செய்து நகர்கிறதுதான் பிழைக்கும். நிற்கும்போது அது யோசித்துக்கொண்டிருக்கிறது. கயிற்றைத் தளர விடுங்கள். நீங்களும் அது பார்க்கிற திசையைப் பாருங்கள். மோந்து பார்க்கக் கம்பியருகே போனால் போக விடுங்கள். மூச்சை விட்டு, தலையைத் தாழ்த்தி, வாயை மென்றால் பார்த்து முடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு அடி எடுத்து வையுங்கள், கூடவே வரும்.

அடிக்காதீர்கள், வாலை முறுக்காதீர்கள். வேலியருகே அடி வாங்கிய கழுதைக்கு வேலியும் அடியும் மனதில் ஒன்றாகிவிடும். பிறகு அந்தப் பக்கத்துப் புல்லைத் தொடவே தொடாது.

மறுநாளும் இதே போல. எங்கேயும் நிற்காமல் சுற்றி வருகிறது என்றால் கயிற்றைக் கழற்றி விடலாம். தலைக்கயிற்றை முழுவதும் கழற்றிவிடுங்கள், கல்காலில் மாட்டிக் கழுத்தை இறுக்கிய கதைகள் உண்டு. முக்கியமாக, காலில் தளை இருக்கக்கூடாது. வெளுப்பு வேலைக்கும் மண் சுமக்கவும் இருந்த கழுதைகள் முன்னங்கால் தளையிலேயே வளர்ந்தவை, கணுக்காலில் தழும்பு இருக்கும். வேலி போட்டபிறகு தளைக்கு வேலையில்லை. தளையோடு வேலிக்குள் விட்டால் நாய் துரத்தும்போது தப்ப முடியாது. தளையைக் கழற்றியும் சில கழுதைகள் பழக்கத்தில் குறுக்கடி வைத்தே நடக்கும். விட்டுவிடுங்கள், தானே நீட்டி நடக்கும்.

முதலில் ஒரு மணி நேரம், அதுவும் வைக்கோல் தின்று வயிறு நிறைந்த பிறகு. பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். பொழுது சாயுமுன் கொட்டகைக்குத் திரும்பிவிட வேண்டும். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சிறுத்தையை நினைத்து இரவில் அடைத்தே வைக்க வேண்டும், குட்டி இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

தீனி பற்றிச் சுருக்கமாக. வைக்கோலும் சோளத்தட்டையும்தான் அடிப்படை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அள்ளிக் கொட்டினால் பிடரியில் கொழுப்பு கட்டியாக ஏறும், ஏறினது இறங்காது. கோழித் தீவனத்தின் பக்கமே விடாதீர்கள். அதில் கலக்கிற மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரை இனத்துக்கு நஞ்சு. தேரி மணல், அதாவது காற்று குவித்த செம்மணல், உள்ள இடங்களில் தரையில் தீனி போடக்கூடாது, மணலும் சேர்ந்து வயிற்றில் தங்கிவிடும். தொட்டியில் போடுங்கள்.

சோலார் மின்வேலி பற்றிக் கேட்கிறார்கள். கழுதைக்கு எல்லை தெரிந்து, சாக்குக் கிழிசலைக் கண்டு திரும்பப் பழகிய பிறகு வேண்டுமானால் மேல்வரிசையில் ஒரு கம்பி போடலாம். தொடர்ந்து இல்லாமல் விட்டு விட்டு மின் அதிர்வு தரும் கருவி மட்டும்தான். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பது குற்றம், மனித உயிரும் போகும். காட்டை ஒட்டிய நிலமென்றால் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பழையவற்றோடு சேர்ப்பது, இரண்டாவது பாதியைத் திறப்பது

தனியே வைத்த காலம் முடிந்ததும் முதலில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பழகட்டும். மோந்து பார்க்கும், கீச்சிடும், பின்னங்காலைத் தூக்கும். இது கழுதைகளுக்குள் வழக்கம்தான். அமைதியானதும் பெரிய நிலத்தில் ஒன்றாக விடுங்கள், பட்டிக்குள் வேண்டாம். நாலு கழுதை இருந்தால் ஆறு இடத்தில் வைக்கோல் போடுங்கள், சண்டை குறையும்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காயடிக்காத ஆண் கழுதையை ஆட்டுக்குட்டியோடு விடாதீர்கள், கடித்துத் தூக்கி எறிந்துவிடும். டாக்டரிடம் காயடித்த பிறகும் குணம் இறங்கச் சில வாரம் ஆகும், அதுவரை தடுத்தே வையுங்கள்.

முதல் பாதியில் சாணத்தை ஒரே இடத்தில் போட ஆரம்பித்து, புரளுவதற்கென்று ஒரு புழுதிக் குழியும் அமைத்துக்கொண்டுவிட்டால் இரண்டாவது பாதியைத் திறக்கலாம். அங்கேயும் கயிறு போட்டு இரு திசையிலும் ஒரு சுற்று காட்டுங்கள். நடுத் தடுப்பை எடுத்துவிட்டால் அது இருந்த கோட்டில் கொஞ்ச நாள் நின்று நின்றுதான் தாண்டும், தள்ளாதீர்கள். சாக்குக் கிழிசல்களை ஒரேயடியாக அவிழ்க்க வேண்டாம். ஒன்று விட்டு ஒன்றாகக் குறையுங்கள், மூலைகளிலும் படலருகேயும் இருப்பவை அப்படியே கிடக்கட்டும். புரட்டாசியில், மழைக்கு முன், ஒவ்வொரு கல்காலையும் கையால் ஆட்டிப் பாருங்கள். முதுகு தேய்த்துத் தேய்த்து அடி மண் இளகியிருக்கும் கல்கால்களைச் சுற்றிக் கப்பி போட்டு இடித்துவிடுங்கள்.